ஆதியாகமமும் அண்டவியலும்: ஒரு குருவானவரின் வழி

சமயமும் அறிவியலும் என்ற பரந்த பொருளில் ஆண்டுதோறும் ஒருவர் பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையை நிறுவியவரின் விருப்பம். அதில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் சொல்லும் படைப்பையும், பாறைகளும் விண்மீன்களும் காட்டும் நெடிய வரலாற்றையும் ஒருவர் எப்படிச் சேர்த்து ஏற்றுக்கொள்வது?

நான் இயற்பியல் கற்பிப்பவன். ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவனும்கூட. பேரண்டத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள் என்று வகுப்பில் சொன்னால், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி வரும்: “அப்படியானால் பைபிளில் வரும் ஒரு நாள் என்பது எத்தனை கோடி வருஷம், சார்?” கேட்கிற பிள்ளைக்கு இரண்டும் முரண்படுகின்றன என்ற வருத்தமே இல்லை. சரியான கணக்கு எங்கோ இருக்கிறது, ஆசிரியருக்குத் தெரியும் என்று நம்பிக் கேட்கிறது. நம் சபைகளில் பெரியவர்களும் இதையே தேடுகிறார்கள். ஜாதகத்தை வைத்துப் பொருத்தம் பார்ப்பதுபோல் வசனத்தை ஒரு கையிலும் அறிவியல் முடிவை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, எட்டுப் பொருத்தம் இருக்கிறது, ஒன்பது இருக்கிறது என்று மகிழ்கிறார்கள்.

இந்தப் பொருத்தம் பார்க்கும் வழி தவறு என்று சொல்லவே வந்திருக்கிறேன். வசனத்தையும் அது கெடுக்கிறது, அறிவியலையும் கெடுக்கிறது. இதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஒருவர் இருக்கிறார். பேரண்டத்துக்கு ஒரு தொடக்கம் இருந்திருக்க வேண்டும் என்று இயற்பியலின் மொழியில் முதலில் எழுதியவர் அவர். கத்தோலிக்கக் குருவானவரும் அவரே. பெயர் ஜார்ஜ் லெமேத்ர்.

1894-இல் பெல்ஜியத்தின் சார்லெருவா நகரில் பிறந்தார். லூவேன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது 1914-ஆம் ஆண்டுப் போர் வந்தது. தாமாக முன்வந்து படையில் சேர்ந்தார். பதுங்குகுழிகளில் இருந்த நாட்களில் அவர் கையில் இரண்டு வகைப் புத்தகங்கள் இருந்தன: கணித அறிஞர் புவான்காரேயின் நூல்களும் விவிலியமும். போர் முடிந்ததும் பொறியியலை விட்டுக் கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் வந்தார். 1920-இல் முனைவர் பட்டம் பெற்ற கையோடு குருமடத்தில் சேர்ந்தார். 1923 செப்டம்பரில் குருப்பட்டம்.

குருமடத்தில் இருந்த 1921-ஆம் ஆண்டில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். கடவுளின் முதல் மூன்று வார்த்தைகள் என்று தலைப்பிட்டிருந்தார். ஒளி உண்டாகும்படி கடவுள் இட்ட கட்டளையை அன்றைய இயற்பியல் அறிந்திருந்த ஒளியோடு இணைத்துப் பார்க்கும் முயற்சி அது. இன்று நம் பிரசங்க மேடைகளில் நடக்கும் பொருத்தம் பார்ப்பைத்தான் இளம் லெமேத்ர் செய்தார், அதுவும் நம்மில் எவரையும்விட நல்ல இயற்பியலோடு. பிறகு அந்த வழியை விட்டுவிட்டார். ஒரு பாதையில் போய்ப் பார்த்துத் திரும்பியவர் சொல்லும் சொல்லுக்கு எடை அதிகம்.

கேம்பிரிட்ஜில் எடிங்டனிடமும் ஹார்வர்டில் ஷாப்லியிடமும் பயின்று திரும்பியபின், 1927-இல் பிரஸ்ஸல்ஸ் அறிவியல் கழகத்தின் இதழில் பிரெஞ்சு மொழியில் அவருடைய கட்டுரை வந்தது. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் விரிந்துகொண்டிருக்கும் அண்டத்தைக் காட்டுகின்றன என்றும், தொலைவிலுள்ள விண்மீன் திரள்கள் நம்மைவிட்டு விலகிச் செல்வதாக அளக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் இந்த விரிவே என்றும் அதில் நிறுவினார். கிடைத்த தரவுகளை வைத்து விரிவின் வேகத்தையும் கணக்கிட்டார். இதே விலகலைப் பற்றி வானியலாளர் ஹபிளின் புகழ்பெற்ற கட்டுரை வந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1929-இல். லெமேத்ரின் கட்டுரையைப் படித்த ஐன்ஸ்டைன், கணக்கு சரி, இயற்பியல் சகிக்கவில்லை என்ற பொருளில் அவரிடமே சொன்னார். 2018-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் இந்த விரிவு பற்றிய விதியை ஹபிள்–லெமேத்ர் விதி என்று அழைக்கப் பரிந்துரைத்தது.

1931 மே 9-ஆம் நாள் ‘நேச்சர்’ இதழில் அவருடைய சிறு கடிதம் ஒன்று வெளிவந்தது. ஐந்நூறு சொற்கள்கூட இராது. விரிவைப் பின்னோக்கி ஓட்டிக்கொண்டே போனால், பேரண்டத்தின் ஆற்றல் முழுவதும் ஒரே குவாண்டமாக இருந்த நிலையை அடைவோம் என்றும், அது பிளந்த பிறகே காலத்துக்கும் வெளிக்கும் பொருள் வருகிறது என்றும் எழுதினார். பின்னாளில் பெருவெடிப்பு என்று பெயர் பெற்ற சிந்தனையின் வித்து இது. அந்தக் கடிதத்தின் தட்டச்சுப் படி இன்றும் இருக்கிறது. அதன் கடைசிப் பத்தியில் கடவுள் வருகிறார். எல்லாவற்றையும் தாங்கும் பரம்பொருளை நம்புகிறவர், கடவுள் மறைந்திருப்பவர் என்றும் நம்புவார். படைப்பின் மேல் இயற்பியல் ஒரு திரையை இட்டிருப்பது அப்படி நம்புகிறவருக்கு மகிழ்ச்சியே தரும் என்ற கருத்தில் எழுதிய பத்தி. அச்சுக்குப் போகுமுன் அந்தப் பத்தி அடிக்கப்பட்டுவிட்டது.

அந்தப் பத்தி அறிவியல் கட்டுரைக்குள் இருக்கத் தேவையில்லை என்பதால் அது நீங்கியிருக்க வேண்டும். ஆனால் அது சொன்ன இறையியல் மிக நுட்பமானது. முதல் குவாண்டத்தில் கடவுளைக் கண்டுவிட்டேன் என்று அவர் எழுதவில்லை. அங்கும் கடவுள் மறைந்தே இருக்கிறார் என்று எழுதினார்.

இருபது ஆண்டுகள் கழித்து இந்த நுட்பம் சோதனைக்கு உள்ளானது. 1951 நவம்பர் 22 அன்று பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ், பாப்பிறை அறிவியல் கழகத்தில் உரையாற்றினார். நவீன இயற்கை அறிவியலின் ஒளியில் கடவுள் இருப்புக்கான சான்றுகள் என்பதே பொருள். விண்மீன் திரள்களின் விலகலையும் பாறைகளின் வயதையும் விரிவாக எடுத்துரைத்தார். எல்லாம் சில நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு தொடக்கத்தை நோக்கிக் குவிகின்றன என்றார். ஒளி உண்டாகும்படி கடவுள் கட்டளையிட்ட அந்த ஆதி நொடிக்கே இன்றைய அறிவியல் சாட்சியாகியிருப்பதுபோல் தெரிகிறது என்றும் சொன்னார்.

உலகெங்கும் இது தலைப்புச் செய்தியாயிற்று. தன் கொள்கைக்குத் திருச்சபைத் தலைவரே முத்திரை குத்திவிட்டார் என்று ஒரு குருவானவர் பூரித்திருக்கலாம். லெமேத்ர் கலங்கிப் போனார். அன்றைய நிலையை எண்ணிப் பாருங்கள். ஹாய்லும் பாண்டியும் கோல்டும் 1948-இல் முன்வைத்த நிலை அண்டக் கொள்கை உயிரோடு இருந்தது. அதன்படி அண்டத்துக்குத் தொடக்கமே கிடையாது. எது சரி என்று அளந்து முடிவுசெய்ய வேண்டிய நேரத்தில் ஒரு தரப்பைத் திருச்சபையின் தரப்பாக ஆக்கிவிட்டால், இயற்பியல் வழக்கு மதவழக்காகிவிடும். குரு எழுதிய கொள்கை என்று முன்பே முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள்.

எண்களிலும் சிக்கல் இருந்தது. ஹபிளின் அளவை அப்படியே எடுத்துக்கொண்டால் அண்டத்தின் வயது 200 கோடி ஆண்டுகள் என்று வந்தது. பூமியின் பாறைகளோ அதைவிட வயது கூடியவை. தாயைவிட மகள் மூத்தவள் என்ற கணக்கு. எங்கோ பிழை இருந்தது, எங்கே என்று தெரியவில்லை. அப்படிப்பட்ட எண்ணின் மேல் கடவுள் இருப்புக்கான சான்றைக் கட்டலாமா?

1952 செப்டம்பரில் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் பொதுக்கூட்டம் ரோமில் கூட இருந்தது. அங்கு வரும் வானியலாளர்களிடம் பாப்பரசர் பேசுவதாக ஏற்பாடு. தென்னாப்பிரிக்காவுக்குப் போகும் வழியில் லெமேத்ர் ரோமில் இறங்கினார். வத்திக்கான் வான்காணகத்தின் இயக்குநர், இயேசு சபைக் குரு டேனியல் ஓ’கானலையும் பாப்பரசரின் செயலகத்தையும் கண்டு பேசினார் என்று அவருக்கு நெருக்கமானவர்கள் பின்னர் எழுதியிருக்கிறார்கள். செப்டம்பர் 7 அன்று பாப்பரசர் பேசிய உரையில் வானியலின் சாதனைகள் நிறைய இருந்தன. படைப்புக் கட்டளைக்கு அறிவியல் சாட்சி என்ற பேச்சு இல்லை.

அதே ரோம் கூட்டத்தில்தான் வானியலாளர் வால்டர் பாடே எழுந்து, விண்மீன் திரள்களின் தொலைவுகளை அளக்கப் பயன்படும் செஃபீடு விண்மீன்களில் இரு வகை உண்டு, அவற்றைக் குழப்பிவிட்டோம், தொலைவுகளை இரண்டு மடங்காக்க வேண்டும் என்று அறிவித்தார். பேரண்டத்தின் வயது ஒரே நாளில் இரட்டித்தது. முந்தைய நவம்பரில் பாப்பரசர் எடுத்தாண்ட கணக்குகளின் அடிப்படை ஓராண்டுக்குள் மாறிவிட்டது. அதற்குப் பிறகும் பலமுறை திருத்தப்பட்டே இன்றைய எண்ணுக்கு வந்திருக்கிறோம். அறிவியலின் பெருமையே இப்படித் திருத்திக்கொள்வதில் இருக்கிறது. விசுவாசத்தை அதன் இன்றைய எண்ணோடு கட்டுகிறவர், நாளைய திருத்தத்தைத் தன் விசுவாசத்தின் மேல் விழும் அடியாக்கிக்கொள்கிறார்.

பொருத்தம் பார்ப்பதால் அறிவியலுக்கு வரும் கேடு இது. வசனத்துக்கு வரும் கேடு இதைவிடப் பெரியது என்பது என் எண்ணம். அதைக் காட்ட நான்காம் நாளுக்குப் போக வேண்டும்.

முதல் நாளில் ஒளி, மூன்றாம் நாளில் புல்பூண்டும் கனிமரங்களும், நான்காம் நாளில்தான் சூரியனும் சந்திரனும். சூரியன் இல்லாமல் மாலையும் காலையும் எப்படி வந்தன என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரிஜன் கேட்டுவிட்டார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆதியாகமத்துக்குப் பன்னிரண்டு புத்தகங்களில் விளக்கவுரை எழுதிய அகுஸ்தினார், இவை நாம் அறிந்த நாட்களாக இருக்க முடியாது என்று முடிவுக்கு வந்தார். வானத்தையும் விண்மீன்களையும் பற்றி நன்கறிந்த ஒருவர் முன்னால், விவிலியத்தை மேற்கோள் காட்டிக் கிறிஸ்தவர் ஒருவர் உளறினால், உளறியவரை விட்டுவிட்டு விவிலியத்தையே உலகம் இகழும் என்றும் எச்சரித்தார். ஆறு நாட்களை நேர்ப்பொருளில் கொள்ளாத வாசிப்பு டார்வினுக்கு அஞ்சித் திருச்சபை கண்டுபிடித்த சமாதானம் என்று சொல்கிறவர்கள், டார்வினுக்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்த ஆயரைப் படிக்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த நான்காம் நாளோடு மல்லுக்கட்டிய ஒருவர் ஸ்காட்லாந்தின் ஹியூ மில்லர். அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. குரோமார்ட்டி என்ற கடலோர ஊரில் 1802-இல் பிறந்து, கல்தச்சராக வேலை பார்த்து, உளிபட்டு உடைந்த செம்மணற்கல்லுக்குள் பழங்கால மீன்களைக் கண்டவர். சிறகுபோல் துடுப்பு கொண்ட மீன் ஒன்றுக்கு அவர் பெயரே இடப்பட்டிருக்கிறது. 1841-இல் பழைய செம்மணற்கல்லைப் பற்றி அவர் எழுதிய நூல் நிலவியலைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது. அவர் சபைப் பற்றுள்ள பத்திரிகையாசிரியரும்கூட. அவர் இறந்தபின் 1857-இல் வெளிவந்த ‘பாறைகளின் சாட்சியம்’ நூலில், ஆறு நாட்களை ஆறு நீண்ட யுகங்களாகக் கொண்டார். மூன்றாம் நாளின் செடிகொடிகளை நிலக்கரிக் காலக் காடுகளோடும், ஐந்தாம் நாளின் பெரும் கடலுயிர்களை ஊர்வனவற்றின் காலத்தோடும், ஆறாம் நாளின் விலங்குகளைப் பாலூட்டிகளின் காலத்தோடும் பொருத்தினார். சூரியன் மட்டும் இடறியது. அது முன்பே இருந்தது, நான்காம் நாளில்தான் கண்ணுக்குத் தெரிந்தது என்று விளக்கினார்.

இனி அந்த வசனம் பிறந்த இடத்துக்குப் போவோம். கி.மு. 586-இல் எருசலேம் வீழ்ந்தது. மக்கள் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் இன்றைய வடிவம் பெற்றது அந்தச் சிறையிருப்புக் காலத்தில் அல்லது அதை ஒட்டி என்பது பெரும்பாலான விவிலிய அறிஞர்களின் கருத்து. பாபிலோனில் புத்தாண்டு விழாவின்போது ஒரு படைப்புக் காவியம் ஓதப்பட்டது. அதன் களிமண் பலகைகள் நினிவேயில் அசூர்பானிபாலின் நூலகத்திலிருந்து கிடைத்தன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்மித் அவற்றைப் படித்து 1876-இல் வெளியிட்டார். மார்துக் என்ற தேவன் தியாமத் என்ற கடல்தேவியைப் போரில் கொன்று, கருவாட்டுக்குப் பிளப்பதுபோல் அவள் உடலை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வானமாக்குகிறான். தோற்ற தேவன் ஒருவனின் குருதியிலிருந்து மனிதர் உண்டாக்கப்படுகிறார்கள். தேவர்களின் வேலைப்பளுவைச் சுமப்பதே அவர்கள் பிறந்த காரணம்.

அந்த ஊரில் சூரியன் ஒரு தெய்வம், சந்திரன் ஒரு தெய்வம், விண்மீன்கள் அரசர்களின் விதியை எழுதுகிறவை. கோயிலை இழந்து, நாட்டை இழந்து, வென்றவரின் தெய்வங்கள் தலைக்கு மேல் பவனி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மக்கள்கூட்டம் சூரியனை நான்காம் நாளுக்குத் தள்ளியது. புல் முளைத்த பிறகுதான் உனக்கு முறை. பகலுக்கு ஒரு விளக்கு, பருவங்களைக் குறிக்க ஒரு வேலைக்காரன், அவ்வளவே நீ என்றது. ஆழ்கடல் இங்கே எதிர்த்துப் போரிடவில்லை, சொன்ன சொல்லுக்கு விலகிவிடுகிறது. மனிதர், ஆணும் பெண்ணுமாக, கடவுளின் சாயலில் படைக்கப்படுகிறார்கள். தெய்வத்தின் சாயல் என்பது அந்த நாடுகளில் பெரும்பாலும் அரசருக்கே உரிய பட்டம். அதை அடிமையாக இழுத்துவரப்பட்டவர்களுக்கும் கொடுத்தது இந்த அதிகாரம். ஏழாம் நாளில் ஓய்வு. பாபிலோனில் மனிதர் உழைத்தால் தேவர்களுக்கு ஓய்வு கிடைக்கும். இங்கே கடவுளின் ஓய்வுநாளே மனிதருக்கும் ஓய்வுநாள் ஆகிறது, பின்னர் சட்டம் வந்தபோது வேலைக்காரனுக்கும் மாட்டுக்கும்கூட.

இவ்வளவு துணிச்சலான வசனத்தை, மேகம் விலகிச் சூரியன் தெரிந்தது என்று படித்தால் அதில் மிஞ்சுவது என்ன? மில்லர் வசனத்தைக் காப்பாற்ற விரும்பினார். காப்பாற்றும் முயற்சியில் வசனத்தின் முதுகெலும்பு போய்விட்டது. முதல் மூன்று நாட்கள் இடங்களைப் பிரிப்பதையும், அடுத்த மூன்று நாட்கள் அந்தந்த இடங்களை நிரப்புவதையும் கவனித்துப் பாருங்கள். ஒளிக்கு எதிரே சுடர்கள், வானத்துக்கும் நீருக்கும் எதிரே பறவையும் மீனும், நிலத்துக்கு எதிரே விலங்கும் மனிதரும். கால வரிசையைக் குறித்துவைக்கும் எண்ணம் எழுதியவருக்கு இருந்திருந்தால், மனிதன் முதலில், பிறகு தோட்டம், பிறகு விலங்குகள், கடைசியில் பெண் என்று வேறு வரிசையில் செல்லும் இரண்டாம் அதிகாரத்தை அடுத்த பக்கத்திலேயே இப்படி வைத்திருக்க மாட்டார்.

வசனத்திலிருந்து கால வரிசையைக் கணித்த ஆயர் ஜேம்ஸ் அஷரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனெனில் அவரை ஏளனம் செய்வது வழக்கமாகிவிட்டது. 1650-இல் அவர் உலகம் கி.மு. 4004 அக்டோபரில் தொடங்கியது என்று கணித்தார். விவிலியத்தின் வம்ச வரிசைகளோடு பாபிலோனிய, பாரசீக, கிரேக்கக் குறிப்புகளையும் ஒத்துப்பார்த்த கடின உழைப்பு அது. அவர் காலத்தில் கிடைத்த சான்றுகளே அவ்வளவுதான். தவறு பின்னால் வந்தது. 1701 முதல் அந்த ஆண்டு ஆங்கில விவிலியத்தின் ஓரத்தில் அச்சாகி, படிக்கிறவர் கண்ணில் வசனத்துக்குச் சமமான தகுதியைப் பெற்றுவிட்டது.

அப்படியானால் படைப்பு என்ற விசுவாசத்துக்கும் அறிவியலுக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. அது எங்கே என்பதை 1271 வாக்கில் தாமஸ் அக்குவினாஸ் தெளிவாக்கினார். உலகத்துக்குக் காலத்தில் ஒரு தொடக்கம் இருந்தது என்பதைப் பகுத்தறிவால் நிறுவ முடியாது, விசுவாசத்தால்தான் அறிகிறோம் என்றார். என்றென்றும் இருந்துவரும் உலகமாக இருந்தாலும் அது படைக்கப்பட்ட உலகமாகவே இருக்கும் என்றார். ஏனெனில் படைப்பு என்பது முதல் நொடியில் நடந்து முடிந்த சம்பவம் அல்ல. ஒவ்வொரு பொருளும் இந்தக் கணத்திலும் இருப்பதற்குக் கடவுளைச் சார்ந்திருக்கும் உறவு அது. அந்த உறவைத் தொலைநோக்கி அளக்காது. 1965-இல் பென்சியாஸும் வில்சனும் அண்டப் பின்னணிக் கதிர்வீச்சைக் கண்டறிந்தபோது நிலை அண்டக் கொள்கை தளர்ந்தது. லெமேத்ரின் இயற்பியலுக்கு அது வலுச் சேர்த்தது. அக்குவினாஸின் படைப்புக் கோட்பாட்டில் அதனால் எதுவும் கூடவில்லை. நாளை தொடக்கமே இல்லாத ஓர் அண்டவியல் சான்றுகளோடு வந்தாலும் அதில் எதுவும் குறையாது. 1958-இல் தம் கொள்கை சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது, கடவுளை மறுப்பவருக்கும் அதில் இடமுண்டு என்று லெமேத்ர் வெளிப்படையாகச் சொன்னபோது, இந்தத் தெளிவோடுதான் சொன்னார். 1960 முதல் 1966-இல் இறக்கும்வரை அவரே பாப்பிறை அறிவியல் கழகத்தின் தலைவராக இருந்தார்.

இந்த வழி எல்லாச் சிக்கலையும் தீர்க்கும் என்று சொல்லி உங்களை அனுப்ப மாட்டேன். ஆறு நாட்கள் எளிய பகுதி. ஆதாமும் மரணமும் கடினமான பகுதி. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் மரணத்தை ஆதாமின் மீறுதலோடு இணைக்கிறார். மனிதரின் மரபணு வேறுபாடுகளோ, நம் மூதாதையர் கூட்டம் எக்காலத்திலும் இரண்டே பேராகச் சுருங்கியதில்லை, ஆயிரக்கணக்கில் இருந்தது என்று காட்டுகின்றன. பன்னிரண்டாம் பயஸே 1950-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், மனித உடலின் பரிணாமத்தை ஆராய இடம் கொடுத்துவிட்டு, மனிதகுலத்துக்குப் பல முதற்பெற்றோர் என்பதை மூலப்பாவக் கோட்பாட்டோடு எப்படி இசைப்பது என்று விளங்கவில்லை என்று நின்றுவிட்டார். இறையியலாளர்கள் இன்னும் அந்த இடத்தில் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மரணம் மனிதருக்கு முன்பே இருந்தது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், கொம்புள்ள டைனோசர் ஒன்றின் கால் எலும்பில் எலும்புப் புற்றுநோய் உறுதிப்படுத்தப்பட்டது. அந்த விலங்கு வாழ்ந்தது ஏறத்தாழ 7.6 கோடி ஆண்டுகளுக்கு முன். நம் மருத்துவமனைகளில் பிள்ளைகளுக்கு வருகிற அதே வகைப் புற்று. எந்த மனிதரின் பாவத்துக்கும் முன்னால் அது அங்கே இருக்கிறது. பவுல் பேசும் மரணம் மனிதர் கடவுளைவிட்டு அறுபட்டுப்போகும் மரணம் என்று நான் வாசிக்கிறேன். அந்த வாசிப்புக்கு நிருபத்திலேயே ஆதாரம் உண்டு. ஆனால் அந்த விலங்கின் வலிக்கு அது பதில் ஆகாது.

இதற்கு நான் போகிற இடம் ஆதியாகமம் அல்ல, யோபு. 38-ஆம் அதிகாரம் தொடங்கி நான்கு அதிகாரங்கள் கடவுள் யோபுக்குத் தம் படைப்பைக் காட்டுகிறார். விவிலியத்தில் இயற்கையைப் பற்றி இவ்வளவு நீண்ட பகுதிகள் மிகக் குறைவு. அங்கே ஆறு நாட்கள் இல்லை, ஏதேன் இல்லை, ஆதாமின் வீழ்ச்சியும் இல்லை. சிங்கத்துக்கு இரை தேடித் தருவதைக் கடவுள் தம் வேலையாகவே சொல்கிறார். கழுகின் குஞ்சுகள் இரத்தம் குடிப்பதை மறைக்காமல் சொல்கிறார். கொன்று தின்னும் உலகத்தை, பின்னால் கெட்டுப்போன உலகம் என்று சாக்குச் சொல்லாமல், தம்முடையது என்று ஏற்கிறார். தன் துன்பத்துக்குக் காரணம் கேட்ட யோபுக்குக் காரணம் தரப்படவில்லை. ஆனாலும் அவன் பேசியதே சரி என்று கடைசி அதிகாரத்தில் கடவுளே சொல்கிறார். அவனுக்கு எதிராகக் கடவுள் சார்பில் வக்காலத்து வாங்கிய நண்பர்கள்தான் கண்டிக்கப்படுகிறார்கள். புற்று அரித்த அந்த எலும்பைப் பற்றி இறையியல் மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டால், ஆறு நாட்களின் கணக்கை விட்டுவிட்டு இந்த அதிகாரங்களைத் திறக்கச் சொல்வேன். பக்கத்தில் தொல்லுயிரியல் பாடநூலையும் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்வேன்.